வெள்ளத்துக்குப் பிறகு வந்த நித்திரை

வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில், குருக்கள்மடத்துக்கு நேர் எதிரே இருந்த ஒரு சிற்றூரில் சீதேவிப்பிள்ளைதான் மருத்துவிச்சி. தாயிடம் பழகிய தொழில். உயரமான பெண். நடக்கும்போது கைகளை வீசமாட்டாள், வயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு விறுவிறென்று போவாள். நோவு கண்டவள் கத்தினால் அதட்டமாட்டாள். "கத்து புள்ள, நல்லாக் கத்து, ஊர் கேட்கட்டும்" என்பாள். அதனாலேயே சுற்றியிருந்த ஊர்ப் பெண்களெல்லாம் அவள்தான் வேண்டும் என்று கேட்பார்கள். புருசன் அருமைநாயகம் வாவியில் வலை போடுகிறவன். ஒரே மகள் தெய்வானை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் ஒரு மார்கழி. மேற்கே ஆறுகள் பெருகி வாவி விளிம்பு தட்டி நின்றது. ஆற்றுவாயை வெட்டித் தண்ணீரைக் கடலுக்கு விடவேண்டும் என்று ஆட்கள் கூடிப் பேசிக்கொண்டிருந்தார்கள். வெட்டுவதற்குள் சூறைக்காற்று கிளம்பிவிட்டது.

அன்று விடியவே சீதேவிப்பிள்ளை தோணியேறி எதிர்க்கரைக்குப் போயிருந்தாள். குருக்கள்மடத்தில் ஒருத்திக்குத் தலைப்பிள்ளை. பிள்ளை சுகமாகப் பிறந்தது. கொடி வெட்டி, துடைத்து, தாயின் பக்கத்தில் கிடத்தும்போது கூரை ஓலை பிய்ந்து பறந்தது. வெளியே வந்து பார்த்தாள். வாவியையும் கரையையும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. தோணிக்காரன், "இண்டைக்கு என்னால ஏலாது" என்று சொல்லித் தோணியைத் தென்னையில் கட்டிவிட்டான். அவள் அவன் காலில் விழாத குறையாகக் கேட்டாள். அவன் மாட்டேன் என்றதுதான் சரி. போயிருந்தால் இரண்டு பேரும் திரும்பியிருக்க மாட்டார்கள்.

காற்று அடங்கி அவள் ஊருக்கு வந்தபோது வீடு இருந்த இடத்தில் அடுப்புக்கல் மட்டும் தெரிந்தது. மண்சுவர் கரைந்து போயிருந்தது. அருமைநாயகம் கோயில் வாசலில், மற்றவர்களுக்கு நடுவில், தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். மகளைத் தோளில் வைத்துக்கொண்டு மருதமரத்தில் ஏறியிருக்கிறான். கிளை முறிந்திருக்கிறது. பிள்ளையை வயல் வட்டைக்குள், வரம்பு ஓரமாகக் கண்டெடுத்து, அவள் வருவதற்குள்ளேயே அடக்கியும் விட்டார்கள். வைத்திருக்க முடியாத நிலை.

சீதேவிப்பிள்ளை அழவில்லை. புருசனைப் பார்த்து ஒரு கேள்விதான் கேட்டாள்.

"என்னக் கூப்பிட்டாளா?"

அவன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். அதுவே பதிலாகிவிட்டது.

அதற்குப் பிறகு அவளுக்கு நித்திரை இல்லை. கண்ணை மூடினால் மகள் "அம்மா" என்று கூப்பிடுகிற சத்தம் கேட்கும். ஊரில் பாதிப் பேருக்கு அப்படித்தான் இருந்தது. ஆம்பிளைகள் கள்ளுக் கொட்டிலில் போய் உட்கார்ந்தார்கள். அருமைநாயகமும் போனான். முன்பெல்லாம் திருவிழாவுக்கு மட்டும் குடிக்கிறவன், இப்போது வலை காயவைத்த கையோடு போய்விடுவான். யாரும் யாரையும் குறை சொல்லவில்லை. பொம்பிளைகளுக்குக் கொட்டில் இல்லை.

வெள்ளம் வடிந்ததும் வயிற்றோட்டம் வந்தது. கிணறுகளில் அழுகிய நெல்லும் செத்த மாடும் மிதந்த தண்ணீரைத்தான் குடிக்க வேண்டியிருந்தது. சீதேவிப்பிள்ளைக்கும் பிடித்தது. எழுந்து நடக்க முடியாமல் கிடந்தாள். அந்த நேரத்தில்தான் வல்லிபுரத்தின் வள்ளம் வந்தது. உப்பு, மிளகாய், மண்ணெண்ணெய் எல்லாம் ஏற்றிக்கொண்டு வாவிக்கரை ஊர்களுக்கு மாறி மாறி வருகிற வியாபாரி அவன். வாகரைக்காரன். அவனுடைய அண்ணன் குடும்பத்தையும் அதே காற்றுத்தான் கொண்டுபோனது. சீதேவிப்பிள்ளை கிடந்த கிடையைப் பார்த்துவிட்டு, இடுப்பில் முடிந்திருந்த வெற்றிலைச் சுருளை அவிழ்த்து, கறுப்பாக, மிளகளவில் ஒரு உருண்டையைக் கொடுத்தான்.

"வாயில போட்டு வெந்நீர் குடிங்க அக்கா. வயிறு கட்டிரும்."

அது அபின். அரசாங்கக் கச்சேரியில் பேர் பதிந்தவர்களுக்குத்தான் அபின் கொடுக்கலாம் என்று சட்டம் இருந்த காலம். சட்டம் பட்டினத்தில் இருந்தது, வயிற்றோட்டம் இங்கே இருந்தது. உருண்டை வயிற்றைக் கட்டியது. கட்டியதோடு நிற்கவில்லை. வெள்ளத்துக்குப் பிறகு முதன்முதலாக அவள் உறங்கினாள். மகள் கூப்பிடவில்லை. எழும்பியபோது வெயில் முகத்தில் விழுந்திருந்தது. எங்கே கிடக்கிறோம் என்றே சற்று நேரம் தெரியவில்லை. அந்தச் சற்று நேரத்துக்காகத்தான் அவள் அடுத்த முறையும் வல்லிபுரத்தின் வள்ளத்துக்குக் காத்திருந்தாள்.

வயிறு சுகமான பிறகும் வாங்கினாள். முதலில் படுக்கப் போகும்போது ஒன்று. பிறகு மத்தியானமும் ஒன்று. வைகாசி வரும்போது காலையில் அதைப் போடாமல் அடுப்பு மூட்ட முடியவில்லை. நேரம் தவறினால் கொட்டாவி வரும், கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் வடியும், முழங்காலுக்குள் யாரோ கயிறு கட்டி இழுப்பதுபோல் இருக்கும். புருசனுக்குத் தெரியும் என்றுதான் அவள் நினைத்தாள். அவன் ஒன்றும் கேட்கவில்லை. அவன் குடிப்பதைப் பற்றி அவளும் கேட்கவில்லை. புதிதாகக் கட்டிய ஓலைக் குடிசைக்குள் இரண்டு பேரும் மெல்லிய குரலில், சோறு, விறகு, மீன் என்று மட்டும் பேசிக்கொண்டார்கள்.

தொழிலை விடவில்லை. விட முடியாது, வேறு ஆளில்லை. வெள்ளத்தில் பிள்ளைகளை இழந்த பெண்கள் பலர் மறுபடி கர்ப்பமாகியிருந்தார்கள். ஒவ்வொரு வீட்டிலும் இந்தப் பிள்ளையைப் பத்திரமாகக் கையில் தரவேண்டும் என்ற பயம். அந்தப் பயத்தோடு சீதேவிப்பிள்ளையின் முகத்தைப் பார்ப்பார்கள். அவள் போகும் முன் ஒரு உருண்டை போட்டுக்கொள்வாள். கை நிதானமாக இருக்கும். மனம் பஞ்சுபோல் இருக்கும்.

ஆவணி மாதத்தில் பக்கத்து ஊரில் ஒரு பேறு. பட்டப்பகல். நோவு மெதுவாகத்தான் வந்தது. கூரை தாங்கும் கப்பில் சாய்ந்து உட்கார்ந்திருந்த சீதேவிப்பிள்ளை உறங்கிவிட்டாள். எவ்வளவு நேரம் என்று அவளுக்குத் தெரியாது. அந்தப் பெண் அலறியபோது விழித்தாள். பிள்ளையின் தலை வெளியே, கழுத்தில் கொடி சுற்றி, முகம் நாவற்பழ நிறம். பாய்ந்து கொடியை விலக்கி, காலைப் பிடித்துத் தூக்கி, முதுகில் தட்டி, வாயால் ஊதினாள். பிள்ளை அழுதது. வெளியே இருந்தவர்கள், "மருத்துவிச்சி கெட்டிக்காரி" என்றார்கள். படுத்திருந்த பெண் மட்டும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வரும் வழியில் சீதேவிப்பிள்ளை வரம்பில் உட்கார்ந்துவிட்டாள். மடியில் கிடந்த உருண்டைகளை எடுத்து வாய்க்காலில் எறிந்தாள். அன்று பொழுது சாயும் முன்பே வாய்க்காலுக்குத் திரும்பிப் போய், முழங்காலளவு சேற்றில் குனிந்து கையால் துழாவினாள். கரைந்து போயிருந்தது.

அந்த நாட்களில்தான் புருசனின் தங்கை இலட்சுமிப்பிள்ளை வந்து, "மச்சாள், எனக்கு நாள் தள்ளிப் போயிருக்கு" என்றாள். கலியாணம் முடித்து வெகுகாலம் பிள்ளையில்லாமல் இருந்தவள். அவளுடைய புருசன் நல்லரத்தினம் பிள்ளை வரம் கேட்டுக் கதிர்காமத்துக்கு நடந்துபோய் வந்தவன். அவளுடைய தாய், சீதேவிப்பிள்ளையின் மாமியார் அன்னப்பூரணி, மகிழ்ச்சியில் அழுதேவிட்டாள். சீதேவிப்பிள்ளையின் கையைப் பிடித்து, "உன்ட கையாலதான் இந்தப் புள்ள பிறக்கணும். வேற ஒருத்தியும் தொடக்கூடாது" என்றாள்.

அன்றிலிருந்து சீதேவிப்பிள்ளைக்கு மனதில் ஒரு இடி. இலட்சுமிப்பிள்ளையின் வயிறு பெருக்கப் பெருக்க இவளுக்கு உடம்பு மெலிந்தது. அவள் நடந்து வருவதைக் கண்டாலே வேறு பக்கம் திரும்பிப் போவாள். மாமியார் கறி கொடுத்து அனுப்பினால் தொடாமல் மூடி வைத்துவிடுவாள். அபினைக் குறைத்துப் பார்த்தாள். காலையில் விட்டால் மத்தியானம் இரண்டாகப் போடவேண்டியிருந்தது.

அடுத்த மழைக்காலம் பிறந்ததும் வல்லிபுரத்தின் வள்ளம் வரவில்லை. வாகரைப் பக்கம் பிடிபட்டுவிட்டான் என்று ஒரு கதை, காய்ச்சலில் கிடக்கிறான் என்று ஒரு கதை. சீதேவிப்பிள்ளை நாள்தோறும் துறையில் போய் நின்றாள். அங்கே தன்னைப்போலவே இன்னும் சில பெண்கள் குடத்தை வைத்துக்கொண்டு சும்மா நிற்பதைக் கண்டாள். ஒருத்தி கொட்டாவி விட்டாள். இன்னொருத்தி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். எல்லாருடைய கண்ணும் வாவியின் வடக்குப் பக்கம்.

கையிருப்பு சுருங்கிப் போன ஒரு நாள் அவள் தோணியேறிக் குருக்கள்மடம் போய், அங்கிருந்து ஒரு வண்டியில் காத்தான்குடிக்குப் போனாள். அங்கே ஆயிஷா உம்மா இருந்தார். அவரும் மருத்துவிச்சி. வயதில் மூத்தவர். அவருடைய புருசன் உசனார் படுவான்கரையில் வயல் செய்தார். ஒரு முறை அறுவடைக் காலத்தில் வயல் வாடிக் குடிசையிலேயே அவர்களுடைய மகளுக்கு நோவு கண்டுவிட்டது. ஆயிஷா உம்மா ஊரில் இல்லை. சீதேவிப்பிள்ளைதான் ஓடிப்போய்ப் பேறு பார்த்தாள். அன்று முதல் இரண்டு குடும்பமும் உறவுபோல.

ஆயிஷா உம்மா முற்றத்தில் சுளகோடு உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். சீதேவிப்பிள்ளை அவருக்கு முன்னால் குந்தினாள். வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டு வந்தவள் ஒன்றையும் சோடிக்கவில்லை.

"உம்மா, நான் அபின் திங்கிறன்."

சுளகு நிற்கவில்லை. "தெரியும் புள்ள. படல திறந்து வரக்குள்ளயே கண்ணப் பாத்தன். கண்மணி ஊசிக் குத்துப்போல இரிக்கி. வெள்ளத்தோடயா?"

"ஓம்."

"மகள நினைச்சா?"

சீதேவிப்பிள்ளை தலையாட்டினாள். "உம்மா, என்ட மச்சாளுக்குப் பங்குனியில நாள். நீங்க வந்து பாருங்க. என்னால ஏலாது. திண்டா உறங்கிப் போறன். திங்காட்டிக் கை நடுங்குது. இனி நான் ஒரேயடியா விட்டிரப் போறன்" என்றாள்.

அப்போதுதான் ஆயிஷா உம்மா சுளகைக் கீழே வைத்தார்.

"ஒரேயடியா விடாத. என்ட வாப்பா முந்தின பெரிய சூறாவளிக்குப் பொறகு இதுலதான் விழுந்தார். எங்கட உம்மா அவர அறைக்குள்ள போட்டுப் பூட்டினா. நல்லதுக்கெண்டுதான் பூட்டினா. வயித்தால போய்ப் போய் உடம்பு வத்தி, உள்ளுக்கயே மௌத்தாப் போனார். நீ குறைச்சுக் குறைச்சு விடணும். தனிய விட ஏலாது, ஒரு ஆள் பக்கத்தில வேணும். மாசி கடைசியில நான் வாறன். வந்து உன்ட மச்சாளையும் பாக்கிறன், உன்னையும் பாக்கிறன்."

"வல்லிபுரம் வரல்ல உம்மா. கையில கொஞ்சம்தான் இருக்கு."

"இருக்கிறத நகநுனியளவாக் கிள்ளு. நடுங்காம இருக்கிற அளவுக்குத் தின், உறங்கிற அளவுக்குத் தின்னாத. உன்ட மாமிக்குச் சொல்லு."

"மாமிக்கு எப்பிடிச் சொல்லுவன்?"

"எனக்குச் சொன்ன மாதிரித்தான்."

மாமிக்கு அவள் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்றே நாட்கள் போயின. மாசி முடியட்டும், ஆயிஷா உம்மா வந்துவிட்டால் சொல்ல வேண்டியே வராது என்று ஒரு கணக்குப் போட்டாள். உருண்டையை நகத்தால் கிள்ளிக் கிள்ளித் தின்றாள். காலிழுப்பும் கொட்டாவியுமாக நாள் முழுவதும் கிடந்தாள். அருமைநாயகம் வெந்நீர் வைத்துக் கொடுத்தான். ஏன் என்று கேட்கவில்லை.

மாசி முடியவில்லை. ஒரு நாள் காலை வெயில் ஏறும் நேரம் நல்லரத்தினம் ஓடிவந்தான்.

"அக்கா, இவளுக்குத் தண்ணி உடைஞ்சு போச்சு."

நாள் இன்னும் இருந்தது. சீதேவிப்பிள்ளை கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டாள். "தம்பி, நீ இப்பவே தோணியெடுத்துப் போய்க் காத்தான்குடி ஆயிஷா உம்மாவக் கூட்டிட்டு வா. நிக்காத, போ" என்றாள். அவன் விழித்தான். "நீங்க இருக்கக்குள்ள அவ ஏன்?" என்று கேட்டான். "போ" என்றாள் மறுபடி. அவன் போனான். போய்வர எப்படியும் பொழுது சாய்ந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும்.

இலட்சுமிப்பிள்ளையின் வீட்டில் அன்னப்பூரணி பாய் விரித்து, சீலைத் துண்டுகளை மடித்து வைத்து, விளக்கேற்றி எல்லாம் தயாராக இருந்தாள். மருமகளைக் கண்டதும் முகம் மலர்ந்தது. சீதேவிப்பிள்ளை கையைக் கழுவி, எண்ணெய் பூசி, மச்சாளின் வயிற்றைத் தடவிப் பார்த்தாள். தலை மேலே இருந்தது. பிள்ளை கால் பக்கமாக வருகிறது. நல்ல நாளிலேயே நிதானம் வேண்டிய பேறு. அவளுடைய விரல்கள் வயிற்றின் மேல் துள்ளின. இலட்சுமிப்பிள்ளை, "ஏன் மச்சாள் உங்கட கை இப்பிடி ஆடுது?" என்று கேட்டாள்.

சீதேவிப்பிள்ளை எழுந்து வெளியே வந்தாள். மாமியைக் கூப்பிட்டாள். வேலியோரமாக நின்று சொன்னாள். வெள்ளத்துக்குப் பிறகு தொடங்கியது, பக்கத்து ஊரில் உறங்கிப் போனது, அந்தப் பிள்ளையின் முகம் கறுத்தது, எல்லாவற்றையும் சொன்னாள். அன்னப்பூரணி வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"இப்ப என்ன செய்யப் போற?" குரல் கிசுகிசுப்பாக வந்தது.

"என்னட்ட ஒரு உருண்டை இருக்கு மாமி. கொஞ்சம் கிள்ளித் தின்னுறன். கை நிக்கும். ஆனா உறக்கம் வந்தாலும் வரும். நீங்க எனக்குப் பக்கத்திலயே இருங்க. என்ட கண் மூடினா அடியுங்க."

"அடிக்கிறதா?"

"முகத்தில அடியுங்க. மருமகள் எண்டு பாக்காதீங்க."

அன்னப்பூரணி வானத்தைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய் மருமகளின் வலது பக்கம் சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

அந்தப் பகல் எப்படிப் போனது என்று பிறகு மூன்று பேரும் மூன்று விதமாகச் சொல்வார்கள். நோவு வந்தது, போனது, நீண்டது. சீதேவிப்பிள்ளை தின்ற துணுக்கு வேலை செய்யத் தொடங்கியதும் கை அடங்கியது, நெற்றி வேர்த்தது, கூடவே அந்தப் பஞ்சும் வந்தது. சுவரெல்லாம் தள்ளித் தள்ளிப் போனது. முதல் அடி விழுந்தபோது அவள் திடுக்கிட்டு, "ஓம் மாமி" என்றாள். இரண்டாவது அடியில் காதுத் தோடு கழன்று விழுந்தது. இலட்சுமிப்பிள்ளை நோவுக்கு நடுவில் தலையைத் தூக்கி, "அம்மா, ஏன் மச்சாளுக்கு அடிக்கிறாய்?" என்று அழுதாள். "நீ முக்கு" என்றாள் அன்னப்பூரணி. அவளும் அழுதுகொண்டுதான் அடித்தாள்.

கால் வந்தது. சீதேவிப்பிள்ளை இழுக்கவில்லை. இழுக்கக் கூடாது என்று கைக்குத் தெரிந்தது. காத்திருப்பதுதான் கடினம், காத்திருக்கும்போதுதான் கண் செருகியது. மாமியின் கை எரிய எரிய அடித்தது. இடுப்பு வந்தது, ஒரு கை வந்தது, மற்றக் கை. கழுத்தில் வந்து நின்றது. சீதேவிப்பிள்ளைக்கு அப்போது உறக்கம் முழுதாகக் கலைந்துவிட்டது. அபினுக்கும் மேலான பயம் அது. விரலைப் பிள்ளையின் வாயருகே கொடுத்து, தாடையை நெஞ்சோடு தாழ்த்தி, அடுத்த நோவுக்குக் காத்திருந்து, மெதுவாக மேலே தூக்கினாள். தலை வந்தது. ஆண் பிள்ளை. அழுதது.

ஆனால் நச்சுக்கொடி விழவில்லை. இரத்தம் நிற்காமல் வந்தது. சீதேவிப்பிள்ளையின் கை மறுபடி நடுங்கத் தொடங்கியது. இந்த முறை அபின் இறங்கியதால் வந்த நடுக்கமா, பயமா என்று அவளுக்கே தெரியவில்லை. வயிற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். இலட்சுமிப்பிள்ளையின் உதடு வெளுத்தது. "எனக்குக் குளிருது" என்றாள். வாசலில் தோணிக் கோலோடு நல்லரத்தினம் வந்து நிற்கும்போது வெயில் மஞ்சளாகியிருந்தது. அவனுக்குப் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு ஆயிஷா உம்மா வந்தார். யாரிடமும் ஒன்றும் கேட்காமல் கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்தார். "எழும்பு புள்ள, இனி நான்" என்றார். கொடி விழுந்தது. இரத்தம் கட்டியது. இலட்சுமிப்பிள்ளை பல கிழமை எழும்பாமல் கிடந்தாள். ஆனாலும் பிழைத்தாள்.

சீதேவிப்பிள்ளை வீட்டுக்குப் பின்னால் போய் வாழையடியில் சத்தியெடுத்தாள். அருமைநாயகம் வந்து அவளுடைய முதுகைத் தடவினான். கன்னம் வீங்கிக் கிடந்தது.

"நீங்க ஒண்டும் கேட்கல்லியே" என்றாள் அவள். "இவ்வளவு காலமும்."

"நீ உறங்கினாய். அது போதுமெண்டு இருந்திட்டன்." வீங்கிய கன்னத்தைத் தொட்டுப் பார்த்து, "நான் குடிக்கிறத ஆர் கேட்ட?" என்றான்.

விசயம் ஊருக்குத் தெரிந்தது. அன்னப்பூரணி சொன்னாளா, நல்லரத்தினம் கொட்டிலில் சொன்னானா, தெரியாது. பேறு பார்க்க அவளை யாரும் கூப்பிடவில்லை. சில வீட்டில் அவள் நிழலைக் கண்டால் படலையைச் சாத்தினார்கள். அன்னப்பூரணி மருமகளோடு பேச்சை விட்டாள். பேரனைப் பார்க்கப் போனபோது, "புள்ள உறங்குது" என்று வாசலிலேயே சொல்லி அனுப்பிவிட்டாள்.

அறுவடை முடிந்ததும் ஆயிஷா உம்மா அவளைத் தன் வீட்டுக்குக் கூட்டிப் போனார். உசனார் வெளியறையில் படுத்துக்கொண்டார். அபினைச் சேர்த்து வாங்கித் தன் பெட்டிக்குள் வைத்து, கருப்பட்டியோடு பிசைந்து, ஒவ்வொரு கிழமையும் அபினைக் குறைத்துக் கருப்பட்டியைக் கூட்டி உருட்டிக் கொடுத்தார் ஆயிஷா உம்மா. எதில் எவ்வளவு என்று சொல்லமாட்டார். சீதேவிப்பிள்ளை கெஞ்சினாள். ஏசினாள். ஒரு நாள் உம்மா தொழுதுகொண்டிருந்த நேரம் பெட்டியை உடைக்கப் பார்த்தாள். முடியாமல் போகவே வாவிக்கரைக்கு ஓடி, கழுத்தளவு தண்ணீரில் இறங்கி, போகிற தோணிகளையெல்லாம் கூப்பிட்டுக்கொண்டு நின்றாள். உசனார் இறங்கிப் போய்க் கூட்டிவந்தார். "மகள், உம்மா சோறு வெச்சிட்டுப் பாத்துக்கொண்டிரிக்கா" என்று மட்டும் சொன்னார்.

அபின் குறையக் குறைய மகள் கூப்பிடுகிற சத்தம் திரும்பி வந்தது. அதற்குத்தான் அவள் மிகவும் பயந்திருந்தாள். முதல் முறை அது கேட்டபோது வாய்விட்டு அழுதாள். வெள்ளத்துக்குப் பிறகு அன்றுதான் அழுதாள். ஆயிஷா உம்மா தடுக்கவில்லை. "கத்து புள்ள" என்றார், "அவள் கூப்பிட்டா நீ பதில் சொல்லு." மகள் எப்படிச் சிரிப்பாள், எந்த மீன் பிடிக்கும், தலை பின்னும்போது எப்படி அடம்பிடிப்பாள் என்று சீதேவிப்பிள்ளை நாள் கணக்காகச் சொன்னாள். உம்மா அரிசி புடைத்துக்கொண்டே கேட்டார்.

ஊருக்குத் திரும்பிய மார்கழியில் மழை இருண்டபோது மறுபடி தின்றாள். வல்லிபுரம் வந்திருந்தான். ஆள் பாதியாகியிருந்தான். "நானும் இதத் திண்டுதான் அக்கா நடமாடுறன்" என்றான். அவள் வாங்கிக்கொண்டு வந்து, தின்றுவிட்டு, புருசனிடம் தானே சொன்னாள். அவன் அவளைத் தோணியில் ஏற்றி ஆயிஷா உம்மாவிடம் கொண்டுபோய் விட்டான். உம்மா சலித்துக்கொள்ளவில்லை. மறுபடி கருப்பட்டியிலிருந்து தொடங்கினார். அதற்கடுத்த மழைக்காலம் அவள் தின்னவில்லை. அருமைநாயகம் கள்ளை முழுதாக விடவில்லை. திருவிழாவோடு நிறுத்தாவிட்டாலும் கொட்டிலில் படுத்துக் கிடப்பது நின்றது.

ஊர்ப் பெண்கள் அவளிடம் வரத் தொடங்கியது பிறகுதான். பேறு பார்க்கக் கூப்பிடவில்லை. தண்ணீர் அள்ளும் இடத்தில் பக்கத்தில் வந்து நின்று, "எப்பிடி அக்கா விட்டீங்க?" என்று கேட்டார்கள். துறையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு நின்றவளும் வந்தாள். சீதேவிப்பிள்ளை கருப்பட்டி உருட்டக் கற்றிருந்தாள். சிலர் விட்டார்கள். சிலர் விடவில்லை. ஒருத்தி வீட்டாருக்குப் பயந்து ஒரேயடியாக நிறுத்திச் செத்தும் போனாள். அவளைக் குளிப்பாட்டியது சீதேவிப்பிள்ளைதான். அந்தச் சாவு தன்னால் வந்ததோ என்ற பயம் அவளை விட்டுப் போகவே இல்லை. "இன்னும் கொஞ்சம் அடிக்கடி போய்ப் பாத்திருக்கலாம்" என்று சொல்லிக்கொண்டே இருப்பாள்.

பேற்றுக்கு அவளை முதலில் கூப்பிட்டது இலட்சுமிப்பிள்ளை. இரண்டாவது பிள்ளைக்கு. அன்னப்பூரணி எதிர்த்தாள். "அவதான் வேணும்" என்று இலட்சுமிப்பிள்ளை பிடிவாதமாக நின்றாள். "அம்மா நீயும் வந்து பக்கத்தில இரு" என்றாள். அன்னப்பூரணி வந்து இருந்தாள். மருமகளின் கண்ணையே பார்த்துக்கொண்டு இருந்தாள். கை ஓங்க வேண்டியிருக்கவில்லை. பெண் பிள்ளை. அன்று மாமி மருமகளுக்குச் சோறு போட்டுக் கொடுத்தாள்.

நாற்பத்திரண்டாம் ஆண்டு, சித்திரை பிறக்கும் முன், கடல் பக்கமிருந்து குண்டுச் சத்தம் கேட்டது. யப்பான்காரன் வந்துவிட்டான் என்று பட்டினத்து ஆட்கள் பெட்டியும் பிள்ளையுமாகத் தோணி தோணியாகப் படுவான்கரைக்கு வந்து இறங்கினார்கள். ஆயிஷா உம்மா மௌத்தாகி இரண்டு வருசம் ஆகியிருந்தது. ஒவ்வொரு சத்தத்துக்கும் சீதேவிப்பிள்ளையின் முழங்காலுக்குள் அந்தப் பழைய கயிறு இழுத்தது. இவ்வளவு காலத்துக்குப் பிறகும் நாக்கு அந்தக் கசப்பைத் தேடியது. வந்தவர்களில் யாரிடமாவது இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். கேட்டால் கொடுப்பார்கள். கேட்கிற வாயை மூடிக்கொண்டு நேரே இலட்சுமிப்பிள்ளையின் வீட்டுக்குப் போனாள்.

"மச்சாள், இண்டைக்கு என்ன விட்டிட்டு எங்கயும் போகாத."

இலட்சுமிப்பிள்ளை அவளுடைய முகத்தைப் பார்த்தாள். பிறகு எழுந்து போய் உரலை முற்றத்துக்கு உருட்டிக்கொண்டு வந்து, இரண்டு உலக்கையை எடுத்து, ஒன்றை அவள் கையில் கொடுத்தாள்.

"வந்திருக்கிற சனத்துக்குச் சோறு வேணும். வாங்க, குத்துவம்."

பொழுது சாயும்வரை இரண்டு பேரும் மாறி மாறிக் குத்தினார்கள். அன்னப்பூரணி உமி போகப் புடைத்துக் கொடுத்தாள். சத்தம் கேட்கும்போதெல்லாம் சீதேவிப்பிள்ளையின் உலக்கை ஒரு கணம் மேலேயே நிற்கும். இலட்சுமிப்பிள்ளை தன்னுடையதையும் நிறுத்திக் காத்துக்கொண்டு நிற்பாள். அது இறங்கிய பிறகுதான் அவளும் குத்துவாள்.